மாத்தாள்

எங்கள் பக்கத்தில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம்தான். பெரியதை வெங்காயம் என்று ஒப்புக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. பெல்லாரி என்று வேறு பேர் வைத்துத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். வைகாசியில் ஊன்றியது ஆடி கடைசியில் பிடுங்கத் தயாராகும். அந்த நேரத்தில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தெருவே வெங்காயத் தாள் வாசம் அடிக்கும். ஆம்பளைகளில் பாதிப் பேர் சிமெண்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் போய்விடுவார்கள். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் பதில் வராது. ஆகவே பெண்களே பார்த்து வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் மாத்தாள்.

எங்களுக்குக் கொல்லை என்றால் புன்செய்க் காடு. இன்றைக்கு நீ என் கொல்லைக்கு வந்தால் நாளைக்கு நான் உன் கொல்லைக்கு வரவேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள். முதல் கொல்லையில் இறங்குகிறவள்தான் கடைசிக் கொல்லை முடிகிறவரைக்கும் வரவேண்டும். நடுவில் ஆளை மாற்றக் கூடாது. முதல் நாள் வேகமான கையைக் காட்டிவிட்டு மறுநாள் நடக்கமாட்டாதவளை அனுப்பி ஏமாற்றிய வீடுகள் முன்னே இருந்ததால் வந்த சட்டம் அது. மீறினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். உங்கள் வெங்காயம் களத்தில் கிடந்து மழையில் நனையும்போது பக்கத்துக் கொல்லைக்காரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் அம்சவள்ளிக்குத் தெரியாது என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து வெங்காயத் தாள் அரிந்தவள் அவள். பிளஸ் டூ முடித்த கையோடு டிப்பர் லாரி ஓட்டும் மணிவேலுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மகள் கலையரசி பிறந்து ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் இவளும் தபாலில் பி.ஏ. வரலாறு படித்தாள். களத்து மேட்டில் அரிவாளை வைத்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் பாடப் புத்தகத்தைத் தொடைமேல் விரிப்பாள். "பரீச்சை எழுதி கலெக்டரு ஆவப்போறா, வழி வுடுங்கடி" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவள் தலையை நிமிர்த்த மாட்டாள். அந்த அழுத்தம் எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும் என்று சொல்ல முடியவில்லை.

பி.ஏ. முடித்ததும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். சேர்ந்தாள். காலேஜுக்கென்று ஊதா நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் இருபது, இருபத்தொன்று. அவளை அக்கா என்பார்கள். முதல் நாள் ஒரு பெண் அவளை மேடம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டதாம். வீட்டுக்கு வந்து அதை மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யாராவது இந்த வயதில் எதற்கு என்று கேட்டால், எல்லாம் கலைக்காகத்தான் என்பாள். நான் டீச்சர் ஆனால் அவளும் தானாகப் படித்து மேலே வந்துவிடுவாள் என்பாள். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் தன்னைப் பார்த்து ஒரு கூட்டம் எழுந்து நிற்கவேண்டும் என்ற ஆசையும் அதில் பாதி இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகவேண்டும். நாலு மாதம் தொடர்ந்து போகவேண்டும். நாள் குறைந்தால் அந்த வருஷமே போச்சு. பயிற்சி தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை எல்லாரும் காலேஜுக்கு வந்தே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதே சனிக்கிழமைதான் அரியமுத்துவின் கொல்லையில் முதல் நாள் வேலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் சுமதி கேட்டாள். சுமதி மணிவேலின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் தம்பி நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. ஆனால் உலை தனி. அதனால் மாத்தாளில் இரண்டு வீடாகத்தான் கணக்கு.

"நாளைக்கு அரியமுத்து மாமா கொல்லையில எறங்குறோம். ஒன் வூட்டுக்கு யாரு?"

"நாளைக்கு மட்டும் கலைய அனுப்புறேன்க்கா. எனக்கு காலேஜுல கூட்டம்."

"நாளைக்கு மட்டுமா?" சுமதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். "எறங்குன ஆளுதான் கரையேறணும். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா. ஞாயித்துக்கெழம வந்து நானே பேசிக்கிறேன்."

சுமதி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கலை அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் காலேஜ் சேலையைக் கட்டிக்கொண்டு தன் வாசலைக் கடந்து பஸ்ஸுக்குப் போகிறவளை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் சுமதி. மாட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

கலையரசி ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் நடுத்தரம், கோ கோ ஆட்டத்தில் கெட்டிக்காரி. சனிக்கிழமை காலையில் அவள் துள்ளிக்கொண்டுதான் போனாள். பெரிய பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, காய்ந்த தாளை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கை அரிவாளால் வெங்காயத்தின் கழுத்தை நறுக்கித் தள்ளினாள். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. ஆனால் யாரும் அவளை அதட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாத பேச்செல்லாம் அங்கே காதில் விழுந்தது. பதினோரு மணி டீக்கு ஆளுக்கொரு பருப்பு வடை வந்தது. வரிசைக்குத் தலைமையாக உட்காரும் பாப்பாத்தி, மத்தியானத்துக்குள் அவள் கையைப் பார்த்துவிட்டு, "அரை ஆளுன்னு நெனச்சேன், இது முழு ஆளுடி" என்றாள். கலையரசிக்கு அன்றைக்கெல்லாம் அந்தப் பேச்சு இனித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்சவள்ளி தானே அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பாப்பாத்தி அவளை உட்காரச் சொல்லவில்லை. நாளைக்கும் நீதான் வருவியா, அதற்கடுத்த நாளும் நீதானா என்று மட்டும் கேட்டாள். அம்சவள்ளியால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. நாளைக்குப் பயிற்சி தொடங்குகிறது. வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு திரும்பிப் போய் மகளை எழுப்பி அனுப்பினாள்.

மணிவேல் ஷிப்ட் முடிந்து ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்ததும் அவனிடம் சொல்லி அழுதாள். அவன் உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு உட்கார்ந்து புளிக்குழம்பும் கருவாடுமாகச் சாப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை. குடிக்கிறவனும் இல்லை. எந்த முடிவையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாதவன், அதுதான்.

"ரெண்டு பேருல யாரு போறதுன்னு நீயே பாத்துக்க. நான் ஒன்னும் சொல்லல" என்றான். சொல்லிவிட்டுக் கை கழுவினான்.

யாரையாவது குற்றம் சொல்ல அவன் ஒரு வழியும் விட்டு வைக்கவில்லை. அம்சவள்ளி யோசித்தாள். ஒன்பதாவது தேர்ச்சி எப்படியும் போட்டுவிடுவார்கள். பத்தாவதில் பார்த்துக்கொள்ளலாம். தனக்கு இந்த வருஷம் போனால் மறுபடி யாரும் அனுப்பமாட்டார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. மகள் தலையைத் தடவிக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குத்தான்டி. சாயந்தரம் நான் வூட்டுல சொல்லித் தரேன்" என்றாள். கலையரசி சரிம்மா என்றாள். அவளுக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

இதில் ஆண்டவன் செய்த குசும்பு ஒன்று உண்டு. பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று காலேஜில் முன்பே கேட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கம் என்று அம்சவள்ளி கேட்டு வாங்கியது எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியைத்தான். மகளோடு சேர்ந்து போய்ச் சேர்ந்து வரலாம் என்று அப்போது நினைத்திருந்தாள். அவளுக்குக் கொடுத்த வகுப்பு ஒன்பதாம் வகுப்பு.

வகுப்பாசிரியர் கலைவாணன். அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், பெரம்பலூரிலிருந்து பைக்கில் வந்து போகிறவர். ஊரில் யார் யாருக்கு உறவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முதல் நாளே வருகைப் பதிவேட்டை அவளிடம் நீட்டி, தினமும் நீங்களே எடுத்துப் பழகுங்கள் என்றார். அவள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"கலையரசி" என்றாள்.

வகுப்பு சட்டென்று அடங்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவள் வீட்டில் முறுக்கு தின்றுவிட்டுப் போன பிள்ளைகள் அதில் பாதிப் பேர். பெயரைச் சொன்னவளேதான் அந்தப் பேரை வைத்தவள் என்று அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆப்சென்ட் டீச்சர்" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து பிரசாத்.

கலைவாணன், இது யார் வீட்டுப் பெண், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அம்சவள்ளி பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "விசாரிக்கிறேன் சார்" என்றாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் திட்டியிருப்பார், காலேஜுக்குப் போன் போட்டிருப்பார், என்னவோ நடந்திருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளும் திறக்கவில்லை. டீச்சரின் மானம் தங்கள் கையில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய சொத்து! அதைச் சீக்கிரம் செலவழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் கலையரசியின் கையை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். வெங்காயப் பாலில் விரல் கறுத்து, கட்டைவிரல் ஓரத்தில் தோல் வெடித்திருந்தது.

"எம் பேரக் கூப்புட்டியாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"கூப்புட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க. வரலன்னாங்க."

கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வாயிலிருந்து தன் பேர் வகுப்பில் வருவதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் கேட்பாள், தினமும் சிரிப்பாள். பாடம் சொல்லித் தருவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் அம்சவள்ளிக்கு மறுநாள் நடத்தவேண்டிய பாடத்துக்குக் குறிப்பு எழுதி, அட்டையில் படம் வரைந்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுப்பாள். அப்படியே சாய்ந்து தூங்கிப் போவாள்.

நாள் போகப் போக வகுப்புக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கலையரசி என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பிரசாத்தோடு இன்னும் நாலு பேர் சேர்ந்து "ஆப்சென்ட்" என்பார்கள். பிறகு வகுப்பே சேர்ந்து பாட்டுப் போலச் சொல்ல ஆரம்பித்தது. அம்சவள்ளி முதலில் முறைத்தாள். முறைத்தால் இன்னும் சத்தம் கூடியது. ஆகவே அவளே முந்திக்கொள்ளப் பழகினாள். பேரைச் சொன்ன மூச்சிலேயே நிறுத்தாமல் "கலையரசி, ஆப்சென்ட்" என்று சொல்லி அடுத்த பேருக்குத் தாவிவிடுவாள். அப்படிச் செய்தால் யாருக்கும் சிரிக்க இடம் இருக்காது. நல்ல உபாயம்தான். வகுப்பை அடக்கத் தெரிந்தவள் என்று கலைவாணன்கூட ஒருநாள் பாராட்டினார்.

ஆனால் அந்தச் சொல் வகுப்போடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரப்பு வழியே வருகிற பிள்ளைகள், களத்தில் இருக்கிறவளைப் பார்த்து, "ஏய் ஆப்சென்ட்" என்று கூப்பிட்டார்கள். ரெண்டு நாள் அவளும் சிரித்துக் கையாட்டினாள். மூன்றாம் நாள் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். அதன் பிறகு பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். டீ வந்தால், ஆப்சென்டுக்கு ஒரு டம்ளர் குடு என்பார்கள். சாயங்காலம் எண்ணெய் தடவும்போது, எம் பேரக் கூப்புட்டியா என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று அம்மாவும் கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் கலைவாணனுக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. வராத பிள்ளைகளை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், உங்கள் ஊர்தானே, கூட வாருங்கள் என்று அம்சவள்ளியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில்தானே என்றார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்திலிருந்து வரப்பு பிடித்தால் முத்துசாமியின் கொல்லை. அங்கே வெங்காயத்தை அம்பாரமாகக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பட்டறை போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று புகும்படி மூங்கில் கட்டி, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வது. மேற்கே மேகம் கறுத்திருந்ததால் எல்லாக் கையும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

கலையரசி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா ஊதாச் சேலையில் சாரோடு வருவதைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள். பார்த்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீதான கலையரசி? ஏன் பள்ளிக்கூடம் வரல?" என்று கேட்டார் கலைவாணன். அவள் ஒரு வெங்காயத்தின் கழுத்தை நறுக்கித் தள்ளினாள். "ஒங்க அம்மா எங்க?"

கலையரசி அம்மாவைப் பார்த்தாள். அம்சவள்ளி பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போதாவது சொல்வாள் என்று அந்தப் பிள்ளை காத்திருந்தது.

"எங்கம்மா ஊருல இல்ல சார்" என்றாள் கலையரசி.

மகளே தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று அம்சவள்ளிக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு பக்கத்தில் அரிந்துகொண்டிருந்த சுமதியின் காதில் விழுந்திருக்கவேண்டும். சுமதி கையில் இருந்த தாளை உதறிப் போட்டாள்.

"நான் மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவ சார். எனக்கு ஒன்னும் தெரியாது. ஆனா பெத்தவ இங்கயே நிக்கிறப்ப இந்தப் புள்ளய ஏன் சார் பொய் சொல்ல வுடுறீங்க? ஒங்க பக்கத்துல நிக்கிறாளே, அவதான் அம்மா. தெனமும் ஆப்சென்ட் போடுறதும் அவதான்."

கலைவாணன் திரும்பி அம்சவள்ளியைப் பார்த்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அப்பிடீங்களா டீச்சர்" என்றார். அதுவரைக்கும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக டீச்சர் என்றார்.

திரும்பி வருகிற வழியில் அவர் பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, நாளைக்கு அந்தப் பெண் வகுப்பில் இருக்கவேண்டும், இல்லையென்றால் நீங்கள் கொல்லைக்குப் போங்கள், இரண்டில் ஒன்று செய்யுங்கள் என்றார். தான் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். அம்சவள்ளி அடுத்த வாரம் வந்துவிடுவாள் சார் என்று கெஞ்சினாள். அடுத்த வாரம் அவர்கள் சொந்தக் கொல்லையின் முறை. அத்தனை வீட்டுக்காரிகளும் வந்து இவர்களுக்கு அரிந்து கொடுக்கும்போது இவர்கள் வீட்டு ஆளே இல்லையென்றால் எப்படி? அதற்கடுத்த வாரம் காலாண்டுப் பரீச்சை. படிக்காமல் வந்து என்ன எழுதுவாள் என்று ஆகிவிட்டது. பரீச்சை விடுமுறை முடிந்தபோது அரிகிற வேலை முடிந்து, ஐப்பசிப் பட்டத்துக்கு ஊன்றுகிற வேலை வந்தது. அரிய இறங்கின ஆளேதான் அதற்கும் வரவேண்டும். கலைவாணனும் அப்புறம் கேட்கவில்லை. சொல்லிப் பார்த்தோம் என்று அவருக்கும் மனசு அடங்கியிருக்கும்.

வீட்டில் பேச்சு குறைந்தது. கலையரசி அம்மாவோடு சண்டை போடவில்லை. காலையில் எழுந்து தன் தூக்குவாளியைத் தானே கட்டிக்கொண்டு போனாள். பெரிய பெண் மாதிரியான அவள் நடையைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரி ஒருத்தி வயசு என்ன, ஜாதகம் இருக்கிறதா என்று கொல்லையிலேயே விசாரித்தாளாம். முழு ஆள் என்று பேர் எடுத்தவளை அப்படித்தான் பார்ப்பார்கள். அதைச் சுமதி வந்து சொன்னபோது அம்சவள்ளி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நேரத்தோடு கிளம்பிப் பள்ளிக்கூடம் போனாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும், முடிந்ததும் மகளைக் கையோடு கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் மனசில் அது உண்மை. நான் மறுக்கவில்லை.

கடைசிப் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடக் காலேஜிலிருந்து அம்பிகா மேடம் வருவதாக இருந்தது. பாடம், சமூக அறிவியலில் மழையின் வகைகள். முந்தின ராத்திரியே பிடித்த மழை விடியற்காலையிலும் விடவில்லை. அட்டைப் படங்களைப் பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்சவள்ளி சீக்கிரமே கிளம்பிவிட்டாள். மகள் அப்போது போர்வைக்குள் இருந்தாள்.

மழையில் ஊன்ற முடியாது. கொல்லையில் வேலை இல்லை. கலையரசி எழுந்து பெட்டியிலிருந்து யூனிபாரத்தை எடுத்தாள். சுடிதார் தோளில் கொஞ்சம் பிடித்தது. கண்ணாடி முன்னால் நின்று ரெட்டை ஜடை பின்னி மடித்து ரிப்பன் கட்டினாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம், அம்மா பாடம் நடத்துவதை ஒருநாளாவது பார்க்கவேண்டும் என்று சொன்னாளாம். அம்மாவுக்குச் சொல்லாமல் போய் உட்கார்ந்தால் அம்மா எப்படி முழிக்கும் என்று சிரித்தாளாம். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிப் போய், மூன்றாவது பெஞ்சில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் வெங்காய வாசம் அடிக்கிறது என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அம்பிகா மேடம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி உள்ளே வந்ததும், எழுந்து நின்ற பிள்ளைகளை உட்காரச் சொன்னாள், ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பதிவேட்டை மேஜையில் விரித்துக் குனிந்துகொண்டு, தடுமாறக் கூடாது, வேகம் குறையக் கூடாது என்று பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

"கலையரசி, ஆப்சென்ட்" என்றாள். பேனாவும் அப்படியே போட்டுவிட்டது.

"உள்ளேன் டீச்சர்" என்ற குரல் அதே நேரத்தில் எழுந்து பாதியில் நின்றது.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த சிரிப்பு. பிரசாத் பெஞ்சைத் தட்டினான். அம்சவள்ளி நிமிர்ந்தாள். மூன்றாவது பெஞ்சில் ரிப்பன் கட்டிய ஜடையோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். கறுத்த விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தன. பின்னால் அம்பிகா மேடம் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார்.

ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் போதும். வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்சவள்ளி கையைத் தூக்கி, "சைலன்ஸ்" என்றாள். வகுப்பு அடங்கியது. அவள் போட்டதை அடித்து மாற்றிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

பாடம் நன்றாக நடந்தது. வெளியே பெய்கிற மழையைக் காட்டி, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தொடங்கினாள். வெப்பச்சலன மழை, மலைத்தடுப்பு மழை, சூறாவளி மழை என்று படம் காட்டி விளக்கினாள். பிள்ளைகள் கை தூக்கிப் பதில் சொன்னார்கள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது மூன்றாவது பெஞ்சில் அந்த இடம் காலியாக இருந்தது. அவள் பாடத்தை நிறுத்தவில்லை. மணி அடித்ததும் அம்பிகா மேடம் கை குலுக்கினார். வகுப்பைக் கட்டுக்குள் வைக்கிற விதம் ரொம்ப அருமை, சிரிப்பு வந்தபோது நீங்கள் கலங்கவே இல்லை, இந்த வருஷம் நான் பார்த்ததில் நீங்கள்தான் முதல் என்றார்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. அம்சவள்ளி பெரம்பலூர் பஸ்காரனிடம் சொல்லி அல்வா வாங்கி வரச் செய்து எடுத்துப் போனாள். யூனிபாரம் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கலையரசி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே விரலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி உட்கார்ந்து கையை நீட்டினாள். மகள் தன் கையைக் கொடுக்கவில்லை.

"நல்லா மார்க் போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"அப்ப சரி."

"ஏன்டி பாதியில எந்திரிச்சு வந்த? மேடம் இருந்தாங்கடி, அதான் நான் நிமுந்து பாக்கல. நாளைலேந்து நீ வா. நான் ஒன்னயப் பாத்துக் கூப்புடுறேன். எங்கூடவே வா."

கலையரசி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். மறுநாள் வானம் வெளுத்தால் பாப்பாத்தி கொல்லையில் ஊன்றுகிறார்கள், தூரம், சோறு சீக்கிரம் ஆக்கவேண்டும் என்றாள். பிறகு அம்மா இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சொன்னாள்.

"நீ போட்டது சரிதாம்மா. நான் எங்க படிக்க வந்தேன்? மழைக்கு ஒதுங்குனேன்."